வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பதா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு வயது 38. கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார். வீடு திரும்ப இருட்டிவிடும். ஒரு வருடமாகப் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, திரிந்த தயிர் மாதிரி வெள்ளைப்படுதல், சிறுநீர் பட்டால் எரிச்சல். இதுவரை ஐந்து முறை வந்துவிட்டது.

முதல் இரண்டு முறை மருந்துக்கடையில் கொடுத்த ஒற்றை மாத்திரையில் மூன்றே நாளில் அடங்கியது. மூன்றாம் முறை அதே கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவினால் சுகம், நிறுத்தினால் முன்னைவிட மோசம். இடையில் நீர்க்கடுப்பு என்று தோட்டத்துப் பக்கம் ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுக்க, அரிப்பு நான்காம் முறையாக வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பச்சை நிறப் பாக்கெட் ஒன்று தந்தார்கள். "அது எய்ட்ஸ் மாத்திரை" என்று யாரோ சொல்ல, பாதியைத் தூக்கி எறிந்துவிட்டார். ஐந்தாம் முறை போன தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, "கர்ப்பப்பை வாயில் புண். புற்றுநோய் ஆகுறதுக்குள்ள எடுத்துடலாம்" என்று தேதியும் குறித்துவிட்டார்கள். செலவுக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க ஏற்பாடு நடக்கிறது.

கூட வேலை பார்க்கும் மலையாளத்து அம்மா இதற்கு "அஸ்தியுருக்கம்" என்று பெயர் சொல்லி, எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்கிறார். இவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காரணம், ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறார். இடுப்பு வலி, அசதி. கணவருக்கும் இப்போது அரிப்பும் சிவப்பும். "உன்னால வந்துச்சா, என்னால வந்துச்சான்னு ராத்திரி பூராம் சண்டை" என்று எழுதியிருக்கிறார். தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. "ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒரு குடம் குடிக்கிறேன் டாக்டரம்மா, ராத்திரி மூணு தடவ எந்திரிக்கிறேன். இத அடக்கி வச்சதுனாலதான் இந்த வியாதியா?" ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதா என்பதுதான் கேள்வி.

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அரிப்புதான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவைதான் அந்தத் தண்ணீர்க் குடம் தெரிந்தது. அதைக் கடைசியில், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் உங்கள் கடிதத்தின் முதல் வரியாக அது இருந்திருக்க வேண்டும். அதற்கு வருகிறேன். தேதி குறித்திருப்பதால் ஆபரேஷனைப் பற்றி முதலில்.

நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களுக்காக இப்போது கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

ஏன் என்றால், அரிப்பும் தயிர் போன்ற வெள்ளையும் வருகிற இடம் கர்ப்பப்பை இல்லை. பிறப்புறுப்புப் பாதையின் சுவரிலும் வெளித்தோலிலும் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகும்போது வருவது அது. கர்ப்பப்பையை எடுத்தாலும் அந்தப் பாதை உடம்பிலேதான் இருக்கப் போகிறது, பூஞ்சையும் அங்கேயேதான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறி, மறுபடியும் அதே அரிப்போடு வந்து உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். "எல்லாத்தையும் எடுத்தாச்சே, இன்னும் எங்கேருந்து வருது?" என்று கேட்பார்கள்.

"கர்ப்பப்பை வாயில் புண்" என்ற வார்த்தை நம் ஊரில் பல பெண்களைப் பயமுறுத்தி ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்திருக்கிறது. கர்ப்பப்பை வாயின் உள்பக்கத்து மெல்லிய படலம் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்து சிவப்பாகத் தெரிவதையே பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் அது சாதாரணமாகக் காணப்படுவது. புண்ணுமல்ல, புற்றுநோயின் முதல் படியுமல்ல. தவிர, வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற ஸ்கேனில் அது தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்களை யாராவது படுக்க வைத்துக் கருவி வைத்துப் பார்த்தார்களா என்று கடிதத்தில் தேடினேன். ஒரு வருடத்தில், ஐந்து முறையில், ஒருவர்கூடப் பார்த்ததாக எழுதவில்லை.

புற்றுநோய் பயத்தை ஒதுக்கவும் வேண்டாம். 30 வயது தாண்டிய எல்லாப் பெண்களும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம், சில நிமிட வேலை. தொற்று தணிந்த பிறகு செய்துகொள்ளுங்கள். அதில் சந்தேகம் என்றால் சிறு துண்டு சதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த முடிவு வந்த பிறகுதான் எதை எடுப்பது என்ற பேச்சு வரலாம்.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது நாடு முழுக்க உள்ள நோய். இதைப் பற்றிய பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்களுக்கு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஸ்கேன் படம், ரிப்போர்ட், சீட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. சண்டை போட வேண்டாம். "வீட்டுல கலந்து பேசிட்டு வர்றோம்" என்று சொன்னால் போதும்.

எலும்பு உருகுகிறதா?

கேரளத்துப் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவள் நான். "அஸ்தியுருக்கம்" என்று சொல்லிக்கொண்டு தினமும் யாராவது வருவார்கள். நம் பக்கம் "வெட்டை", "சூடு" என்பார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெயர்தான் வேறு, பயம் ஒன்றுதான். கூட வேலை பார்க்கும் அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய அம்மா சொன்னதைச் சொல்கிறார். ஆனால் எலும்பிலிருந்து பிறப்புறுப்புக்கு வழி எதுவும் கிடையாது. மாதவிலக்குக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வருவதும், மற்ற நாட்களில் கொஞ்சம் வெள்ளையாகப் படுவதும் இயல்பு. அங்கே வாழும் நல்ல கிருமிகள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருப்பதால்தான் கெட்ட கிருமிகள் அண்டுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கர்ப்பப்பையோடு சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டால், உங்கள் வயதில் மாதவிலக்கு நின்ற நிலை ஒரே நாளில் வந்துவிடும். எலும்பு வேகமாகத் தேய ஆரம்பிப்பது அப்போதுதான். எலும்பு உருகிவிடும் என்று பயந்து செய்துகொள்ளும் ஆபரேஷனே எலும்பை உருக்கக்கூடும்.

அப்படியானால் ஆறு கிலோ எங்கே போனது?

இங்கேதான் அந்தக் குடம். எடை குறைகிறது. ஓயாத அசதி. தாகம் அடங்குவதில்லை. இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள். பூஞ்சைத் தொற்று போய்ப் போய் வருகிறது. கடிதத்தின் நடுவில் "அம்மாவுக்குச் சுகர், கால் விரல எடுத்தாங்க" என்று ஒரு வரியும் இருக்கிறது. இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ரத்தச் சர்க்கரையை. பார்க்காமல் சர்க்கரை நோய் என்று சொல்ல மாட்டேன். பார்க்காமல் விடுவதும் தவறு.

சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். திசுக்களிலும் சிறுநீரிலும் சர்க்கரை ஏறி அதற்கு உணவாகிறது. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. ஒற்றை மாத்திரை அடக்கி வைத்த தொற்று இரண்டு மாதத்தில் திரும்பி வந்ததற்கும் இது காரணமாக இருக்கலாம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒரு நாள் வைத்தியம் போதாது, 7 முதல் 14 நாள் தேவைப்படும்.

வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அது சர்க்கரை நோய்க்கான அளவு; இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். உங்களைப் போல அறிகுறிகள் தெளிவாக உள்ளவருக்குச் சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுத்த ரத்தத்திலேயே 200-ஐத் தொட்டாலும் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் நீங்கள் மலையில் இருப்பீர்கள். அதனால்தான் நாற்பதை நெருங்கும் தோட்டத் தொழிலாளிகள் பலருக்குச் சர்க்கரை இருப்பது புண் ஆறாமல் போகும்போதுதான் தெரிகிறது.

எடை இவ்வளவு குறைந்திருப்பதால் தைராய்டு, காசநோய்க்கான சளி, எச்ஐவி பரிசோதனைகளையும் மருத்துவர் கேட்கலாம். பயப்பட வேண்டாம். எச்ஐவி பரிசோதனையை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் உங்கள் சம்மதம் கேட்டு, ரகசியமாக, இலவசமாகச் செய்வார்கள். அந்தப் பச்சைப் பாக்கெட்டும் எய்ட்ஸ் மருந்து அல்ல. வெள்ளைப்படுதலுக்கென்று அரசு தரும் தொகுப்பு அது. பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், வேறு இரண்டு வகைத் தொற்றுகளுக்கு செக்னிடசோல். சோதனைச்சாலை வசதி இல்லாத இடத்தில் எதுவாக இருந்தாலும் கேட்கட்டும் என்று கொடுப்பது. தூக்கி எறிந்தது நஷ்டம்தான்.

அரிப்பெல்லாம் பூஞ்சை அல்ல

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பூஞ்சைக்கு ரொம்பப் பொருந்துகின்றன. ஆனாலும் ஐந்து முறையும் அதுவேதானா என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் மாதிரி எடுக்கவில்லை. பார்க்காமலே மாத்திரை, மறுபடி மாத்திரை, பிறகு ஆபரேஷன்! என் தொழிலைப் பற்றி நானே குறை சொல்வதாக நினைக்காதீர்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே பார்ப்பதற்கு நோயாளிக்கு வெட்கம், மருத்துவருக்கு நேரமில்லை. இரண்டும் சேர்ந்து இப்படி ஆகிறது.

பூஞ்சை என்றால் அரிப்புதான் பெரிதாக இருக்கும். வெள்ளை கெட்டியாக, வாடை அதிகம் இல்லாமல் இருக்கும். மீன் கவுச்சி வாடையோடு நீர்த்த சாம்பல் நிற வெள்ளை, அதுவும் உறவுக்குப் பிறகு வாடை கூடினால், அது பாக்டீரியா சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவு வழியாகப் பரவுவது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் மருந்து சாப்பிட வேண்டும். வெள்ளையே இல்லாமல் வெறும் அரிப்பு, தோல் வெளுத்து மெலிந்து போவது என்றால் தோல் நோய். சோப்பு, டெட்டால், நாப்கின் ஒவ்வாமையும் இதே மாதிரி அரிக்கும். நீங்கள் வேறு தினமும் வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுவதாக எழுதியிருக்கிறீர்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒரு பெண் துணை இருக்கலாம். ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்து உள்ளே பார்ப்பார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் கொஞ்சம் எடுத்து ஒரு தாளில் தொட்டால் புளிப்பின் அளவு எண்ணாகத் தெரியும்; எண் கூடினால் புளிப்பு குறைவு. பூஞ்சை என்றால் அது பெரும்பாலும் 4.5-க்குள் நிற்கும், பாக்டீரியா, ட்ரைகோமோனாஸ் இரண்டிலும் பெரும்பாலும் அதைத் தாண்டும். பிறகு கண்ணாடித் துண்டில் வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மற்ற செல்களெல்லாம் கரைந்துபோக, மொட்டு விட்ட பூஞ்சையும் அதன் இழைகளும் மட்டும் தெளிவாக நிற்கும்.

இந்தப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதால் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது; தொற்று இருந்தும் கண்ணுக்குத் தப்புவது உண்டு. உங்களைப் போல ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தவர்களுக்குக் கல்ச்சர், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை அவசியம். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கம்பம் அரசு மருத்துவமனையில் காட்டி அங்கே எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். பூஞ்சையில் எந்த வகை என்று தெரிய வேண்டியது ஏன் என்றால், பெரும்பாலும் காணப்படுகிற அல்பிகன்ஸ் வகைக்கு ஃப்ளூகோனசோல் நன்றாகக் கேட்கும். கிளாப்ரேட்டா வகைக்கு அவ்வளவாகக் கேட்காது.

போகும் நாளில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. அரிப்பு இருக்கும்போதே போங்கள். அடங்கிய பிறகு போனால் ஒன்றும் கிடைக்காது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து களிம்போ உள்ளே வைக்கும் மாத்திரையோ வேண்டாம். மாதவிலக்கு நாளாக இருக்கக் கூடாது, முந்தின நாள் உறவு கூடாது, அன்று காலை உள்ளே கழுவக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால் சர்க்கரையையும் அன்றே பார்த்துவிடலாம். ஒரு நாள் கூலி போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்கிறேன்.

வைத்தியம்

கீழே எழுதுவது மருத்துவர் சீட்டில் என்ன எழுதுகிறார் என்று உங்களுக்குப் புரிவதற்காக. கடையில் போய்க் கேட்டு வாங்குவதற்கல்ல.

எப்போதாவது ஒரு முறை வரும் சாதாரணத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரை, அல்லது க்ளோட்ரிமசோல் 100 மில்லிகிராம் மாத்திரையை இரவில் படுக்கும்போது ஏழு நாள் உள்ளே வைப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்ததல்ல. கர்ப்பிணிகள் மட்டும் ஃப்ளூகோனசோலை விழுங்கக் கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்துதான்.

திரும்பத் திரும்ப வருவதற்குக் கணக்கு வேறு. முதலில் 1, 4, 7-ஆம் நாட்களில் ஒவ்வொரு மாத்திரை. பிறகு வாரத்துக்கு ஒன்று வீதம் ஆறு மாதம். இரண்டாம் வாரத்திலேயே அரிப்பு போய்விடும், "இனி எதுக்கு மாத்திரை?" என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் சரியாக முடித்தாலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குப் பின்னால் திரும்பி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் அந்த வாய்ப்பு குறையும்.

சர்க்கரை நோய் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தால் இரண்டு விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள்தான், ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சை வரும் வாய்ப்பைக் கூட்டும். ஆகவே உங்கள் தொற்றுக் கதை அவருக்குத் தெரிய வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரையோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். ஏலக்காட்டுச் சரிவில் நின்றுகொண்டு தலை சுற்றி விழக் கூடாது. நீங்கள் அந்தக் கரையில் ஒரு மருத்துவர், இந்தக் கரையில் ஒரு மருத்துவர் என்று பார்ப்பதால், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கே போனாலும் கொண்டு போங்கள்.

கடைக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். தடவினால் சுகமாகவும் நிறுத்தினால் மோசமாகவும் இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த களிம்பு என்றே சந்தேகிக்கிறேன். ஸ்டீராய்டு அரிப்பை மரத்துப்போகச் செய்யும். பூஞ்சையை வளர விடும். நாளாக ஆகத் தோலை மெலிய வைக்கும். அட்டையைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெட்டால், உப்பு வெந்நீர், வேப்பிலைத் தண்ணீர், திரிபலா, எதுவும் உள்ளே வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர் போதும். கட்டித் தயிரை உள்ளே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்க வேண்டாம், சாதத்தில் பிசைந்து சாப்பிடுங்கள். போரிக் பவுடரைப் பற்றியும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளாப்ரேட்டா வகைக்கு 600 மில்லிகிராம் போரிக் அமிலக் கேப்ஸ்யூலை மூன்று வாரம் உள்ளே வைக்கும் வைத்தியம் உண்டு, உண்மைதான். ஆனால் அது கல்ச்சர் முடிவு வந்த பிறகு மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டியது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கேரம் போர்டில் தூவுகிற பொடியை வீட்டில் வைத்துக்கொண்டு முயற்சி செய்ய வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற வீடு.

அடக்கி வைத்ததால் வந்ததா?

இல்லை. சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காததும் நீர்க்கடுப்புக்கு வழி வைக்கும், பூஞ்சைக்கு அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சிறுநீர் வெளியே வந்து தோலில் படும்போது எரிந்தால் தோல் புண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பூஞ்சையில் அப்படித்தான் இருக்கும். உள்ளேயே கடுத்து, சொட்டுச் சொட்டாக, அடிக்கடி அவசரமாக வந்தால் நீர்க்கடுப்பு. உங்களுக்குத் தோலில் பட்டுத்தான் எரிகிறது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்க, அது நல்ல கிருமிகளைக் கொன்று பூஞ்சைக்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கும். நான்காம் முறை அப்படி வந்ததாகத்தான் தெரிகிறது.

மழையில் நனைந்த உடையோடு நாள் முழுக்க நிற்பது தோலை ஊற வைத்து எரிச்சலைக் கூட்டும். பருத்தி உள்ளாடை ஒன்றைக் கூடுதலாகப் பையில் வைத்துக்கொண்டு மதியம் மாற்றுங்கள். மாற்ற இடம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய இடம் தோட்டத்து நிர்வாகம். 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள ஏலத்தோட்டம் என்றாலே பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிநீரும் தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நீங்கள் ஒருவராகக் கேட்டால் மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது. ஜீப்பில் வருகிற எல்லோரும் சேர்ந்து கேளுங்கள், சங்கம் இருந்தால் அதன் வழியாக.

உங்கள் கணவருக்கு

இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். பூஞ்சைத் தொற்று உறவு வழியாக வரும் நோய்களின் கணக்கில் இல்லை. ஆண் வாசனையே அறியாத பெண்களுக்கும் வருகிறது. 10 முதல் 20 சதவீதம் பெண்களின் உடம்பில் எந்தத் தொந்தரவும் தராமல் இந்தப் பூஞ்சை குடியிருக்கிறது. உடம்பு நிலை மாறும்போது அது பெருகுகிறது. இதை வைத்து யாரும் யாரையும் சந்தேகப்பட இடமே இல்லை. மனைவிக்கு இருக்கிறது என்பதற்காகக் கணவருக்கு மருந்து தேவையில்லை. ஆனால் அவருக்கே அரிப்பும் சிவப்பும் இருப்பதால் அவரும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூஞ்சை என்றால் க்ளோட்ரிமசோல் களிம்பில் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும்; வேறு தொற்று என்றால் அதற்கான வைத்தியத்தை இருவருக்கும் சொல்வார்கள். இருவருக்கும் குணமாகும்வரை உறவைத் தள்ளி வைப்பது நல்லது, வலிக்கும்.

நடு வயது ஆண்களுக்கு முன்தோலில் இப்படிப் புண் வருவதும் சில சமயம் சர்க்கரையின் முதல் அறிகுறி. ஆகவே அன்று காலை அவரும் காப்பி குடிக்காமல் உங்களோடு கிளம்பட்டும். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் அரிப்பைச் சொல்வதற்கு முன்பு, ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வரச் சில நாள் ஆகும். வந்ததும், சர்க்கரை அளவோடு சேர்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.